இழவுக்கு அழுகிறார்கள், இளிவுக்கு?

ஆல்ஃபிரட் டெல்லர் பாடிய 'பார்பரா ஆலன்' என்ற கதைப்பாடலைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். முதல் கண்ணியில் குரல் விநோதமாக இருந்தது, சிரிப்புக்கூட வந்தது. இரண்டு மூன்று கண்ணி போனதும் ஆணா பெண்ணா என்ற நினைப்பே போய்விட்டது. முடியும்போது கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆகவே அழுகிறவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. நான் கேட்க நினைப்பது வேறு. ஒரு பாட்டைக் கேட்டு நெஞ்சு இளகுகிறவன் அந்த இளக்கத்தாலேயே நல்லவனாகிவிடுகிறானா? அவன் விட்ட கண்ணீர் யார் கணக்கில் வரவு ஆகிறது?

முதலில் அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம். இதற்கு கௌண்ட்டர்டெனர் என்று பெயர். (நம்ம ஊர்ச் சாதிப் பெயரோடு சம்பந்தமில்லை தோழர்களே. டெனர் குரலுக்கு எதிராக நிற்கிற குரல் என்ற பழைய லத்தீன் வழக்கிலிருந்து வந்த சொல்.) வளர்ந்த ஆண் தன் பேச்சுக்குரலை விட்டுவிட்டு, குரல்நாணின் ஓரம் மட்டும் அதிரும்படியாகப் பெண்களின் சுருதியில் பாடுவது. நம் சங்கீதக்காரர்கள் இதைக் கள்ளக்குரல் என்று ஒதுக்குவார்கள். பெயரிலேயே வசவு இருக்கிறது. உச்ச சுருதியில் பாடும் ஆண் நமக்குப் புதியவன் அல்ல. எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) நாடக மேடையைக் கேள்விப்பட்டவர்களுக்கு அது தெரியும். ஆனால் கிட்டப்பா உச்சத்தில் பாடினாலும் அது ஆண்குரல்தான் என்று காது ஒப்புக்கொள்ளும். டெல்லர் விஷயத்தில் காது ஒப்புக்கொள்ளாது, தடுமாறும்.

இதைப் பழைய இத்தாலியின் காஸ்ட்ராட்டோக்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே சிறுவர்களின் குரல் உடையாதிருக்க விதையை அறுத்தார்கள். அறுபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பிழைத்து, பாடத் தேறி, பெரிய மேடை ஏறியவர்கள் சிலரே. மற்றவர்கள் சில்லறைக் கோயில் பாடகர்களாகக் காலம் தள்ளினார்கள், அல்லது காணாமல் போனார்கள். அந்தச் சிலரின் பாட்டைக் கேட்டு அரண்மனைகள் உருகின. கடைசியாக அறியப்பட்ட அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கியின் குரல் 1902லும் 1904லும் இசைத்தட்டில் பதிவானது. அவர் 1922இல் இறந்தார். ஒருவன் உருகி அழுவதற்காக இன்னொருவன் உடலில் கத்தி வைத்த காலம் ரொம்பத் தொலைவில் இல்லை என்பதற்கு இதைச் சொன்னேன்.

டெல்லர் (1912–1979) கத்திக்குத் தப்பிய, பயிற்சியால் வந்த குரல். மார்கேட்டில் பிறந்தவர். கான்டர்பரி பேராலயத்தின் பாடகர் குழுவில் இருந்தபோது இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் கண்டெடுத்தார். 1946இல் பிபிசி மூன்றாவது அலைவரிசையைத் தொடங்கிய இரவில் ஒலித்த குரல்களில் ஒன்று டெல்லருடையது. 1960இல் பெஞ்சமின் பிரிட்டன் தன் ஆப்பெராவில் ஓபெரான் பாத்திரத்தை இவர் குரலை மனத்தில் வைத்தே எழுதினார். இவ்வளவு பேர் பெற்ற பிறகும் ஒரு கதை இவரைத் தொடர்ந்தது. வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், 'நீங்கள் யூனக்கா?' என்று கேட்டாராம். அதாவது, விதையறுக்கப்பட்டவரா என்று. 'யுனிக் என்று கேட்க வந்தீர்கள் போலிருக்கிறது' என்றாராம் இவர். நிகரற்றவன் என்று பொருள். நடந்ததோ கட்டியதோ, இந்தக் கதையைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் கண்ணுக்கு டெல்லரின் சாமர்த்தியம் தெரிகிறது. அப்படி ஒரு கேள்வியை முகத்துக்கு நேரே ஒருவரிடம் கேட்கலாம் என்று எங்கிருந்து தைரியம் வந்தது என்பதை யாரும் நின்று யோசிப்பதில்லை.

இந்த மனிதர் 1950களில், டெஸ்மண்ட் டுப்ரே லூட் வாசிக்க, பழைய நாட்டுப்பாடல்களை வேன்கார்ட் நிறுவனத்துக்காகப் பாடிப் பதிந்தார். அவற்றில் ஒன்றுதான் பார்பரா ஆலன்.

கதை சின்னது. வாலிபன் ஒருவன் சாகக் கிடக்கிறான். பார்பரா ஆலன்மேல் கொண்ட ஆசைதான் நோய். வேலைக்காரனை அனுப்பி அவளைக் கூப்பிடுகிறான். அவள் மெள்ள எழுந்து மெள்ள வருகிறாள். படுக்கைத் திரையை விலக்கிப் பார்த்து, நீ சாகப்போகிறாய் என்று நினைக்கிறேன் என்பதுபோல ஒன்றைச் சொல்கிறாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிச் செத்துப்போகிறான். அவள் திரும்பி நடக்கையில் சாவு மணி அடிக்கிறது. ஒவ்வொரு அடியும் அவளைப் பழிப்பதாகக் கேட்கிறது. அடுத்த நாளே அவளும் சாகத் தயாராகிறாள். பல பாடங்களில் இரண்டு கல்லறையிலிருந்தும் ஒரு ரோஜாவும் ஒரு முட்செடியும் முளைத்துப் பின்னிக்கொள்கின்றன. சபையில் கைக்குட்டை வெளியே வருகிற இடம் அதுதான்.

அவள் ஏன் மெள்ள வந்தாள்? ஏன் இளகவில்லை?

ஆலன் ராம்சே 1740இல் அச்சிட்ட ஸ்காட்லாந்துப் பாடத்தில் காரணம் தெளிவாக இருக்கிறது. குடிக்கடையில் அவன் எல்லோர் பெயரையும் சொல்லிச் சொல்லிக் கோப்பை உயர்த்திக் குடித்தான். பார்பரா ஆலனை மட்டும் விட்டுவிட்டான். ஊர் பார்க்கக் கூட்டத்தில் அவளை ஒன்றுமில்லாதவள் ஆக்கினான். சாவுப் படுக்கையில் இருப்பவனிடம் அவள் அதைத்தான் கேட்கிறாள்: நினைவிருக்கிறதா? பாட்டில் அவள் பேசுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பாதி இந்தக் கேள்வி.

ஆனால் 17ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்துத் தெருக்களில் ஒற்றைத் தாளில் அச்சாகி விற்ற பாடத்தில் குடிக்கடையே இல்லை. அவமானம் வெட்டப்பட்டுவிட்டது. காரணம் போனபின் எஞ்சுவது காரணமில்லாத கல்நெஞ்சம். அவன் பிணத்தைப் பார்த்து அவள் சிரிக்கிறாள்கூட. அந்தத் தாளின் தலைப்பு: 'பார்பரா ஆலனின் கொடுமை, அல்லது வாலிபனின் துயரம்.' கொடுமை அவளுக்கு, துயரம் அவனுக்கு. பங்கு பிரித்தாயிற்று. தாமஸ் பெர்சி 1765இல் தன் பெரிய தொகுப்பில் இரண்டு பாடங்களையும் அச்சிட்டார். ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு தொகுத்த 305 கதைப்பாடல்களில் இது 84ஆவது. அட்லாண்டிக் கடல் தாண்டி நூற்றுக்கணக்கான வடிவங்களாகப் பரவியது. சில வடிவங்களில் குடிக்கடை உண்டு, சிலவற்றில் இல்லை. குடிக்கடை இருக்கிற பாடத்தைப் பாடினாலும், கேட்டு முடித்தவனிடம் என்ன கதை என்று கேட்டுப் பாருங்கள். காதலன் செத்தான், கல்நெஞ்சக்காரி பிறகு வருந்தினாள், ரோஜாப்பூ பூத்தது என்பான். அவமானம் அவன் காதில் விழுந்திருக்காது.

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்காக உருப்போட்டோம். அழுகை நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்றால் பறிகொடுத்தல், சாவு. அசைவு என்றால் இருந்த நிலையிலிருந்து தாழ்தல். வறுமைக்கு உரை வேண்டாம். இளிவு என்றால் பிறரால் இகழப்பட்டு எளியவராதல். (இளிவரல் என்று தனி மெய்ப்பாடு ஒன்று உண்டு, அது வேறு.) நாலில் முதலாவதாக நிற்பது அவமானம். அன்றைக்குப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் போய்விட்டோம். தொல்காப்பியத்தைத் தூக்கிப் பிடிப்பது என் வேலையில்லை. அதன் சமூகத்தில் நமக்கு என்ன இடம் என்பதும் தெரியும். ஆனாலும் இந்த இரண்டு சொல்லும் எனக்கு வேண்டியிருக்கின்றன. இளிவு, இழவு. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இழவுக்கு அழச் சபை எப்போதும் தயார். இளிவுக்கு அழச் சொன்னால் சபை நெளிகிறது.

ஏன் நெளிகிறது? இழவில் குற்றவாளி இருக்கத் தேவையில்லை. நோய் வரும், காலம் வரும், விதி வரும். அழுகிறவன் கை சுத்தமாக இருக்கும். இளிவு அப்படியில்லை. இகழப்பட்டவள் ஒருத்தி இருந்தால் இகழ்ந்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். குடிக்கடையில் கோப்பை உயர்ந்தபோது கூட உட்கார்ந்து குடித்த ஒரு கூட்டமும் இருந்திருக்க வேண்டும். பாட்டுக் கேட்கிறவன் அந்தக் கூட்டத்தில் தன் முகம் இருக்கிறதா என்று பார்க்கும்படி ஆகிவிடும். அது இன்பமான அழுகை அல்ல.

எங்கள் அத்தை ஒப்பாரிக்குப் பேர்போனவள். ஊர்த்தெருவில் பெரிய சாவு விழுந்தால் வாசலுக்கு வெளியே நின்று பாடிவிட்டு நெல் வாங்கிக்கொண்டு வந்த தலைமுறை. இந்தப் பாட்டைக் கைபேசியில் ஒருநாள் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தாள். "ஆம்பளயா இது? நல்லாத்தான் இழுக்கிறான். ஆரு செத்தது?" என்றாள். ஒரு பையன் என்றேன், கதையையும் சொன்னேன். "இவ ஏன் அழுவல?" குடிக்கடை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "அப்ப அதச் சொல்லிட்டில்லப்பா அழுவணும்" என்றாள்.

ஒப்பாரியை அருகிருந்து கேட்டவர்களுக்கு அவள் சொன்னது புரியும். நம் பெண்கள் பிணத்தின்மேல் விழுந்து பாடும்போது செத்தவனின் பெருமையோடு நிறுத்துவதில்லை. பங்கு தராத கொழுந்தன், பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட நாத்தனார், சீர் குறைந்ததென்று சொல்லிக்காட்டிய மாமியார் எல்லோரும் பாட்டுக்குள் வருவார்கள். சம்பந்தப்பட்டவர்கள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், வாயைத் திறக்க முடியாது. இழவைச் சாக்கிட்டு இளிவைப் பேசிவிடுகிற ஏற்பாடு அது. ஒப்பாரியை 'சோக ரசம்' என்று மேடையேற்றுகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த வரிகளைத்தான். வெட்டியபின் அது எல்லோருக்கும் பிடித்துப்போகிறது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். ஏனென்றால் பார்பரா ஆலன் பாட்டின் வரலாற்றிலேயே இந்த விஷயம் பச்சையாக நிற்கிற இடம் அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப், தன் உதவியாளர் மாட் கார்ப்பெலஸுடன் 1916 முதல் 1918 வரை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் அலைந்து ஏறத்தாழ 1,600 மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். அவர் தேடிப் போனது இங்கிலாந்து வம்சாவளியினரின் பாட்டு. கறுப்பர் குடியிருப்புகளைத் தேடி அவர் போகவில்லை. கறுப்பர்களைப் பற்றி அவருக்கு இருந்த இளக்காரம் அவரது குறிப்புகளிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் 1918 மே மாதத்தில் வர்ஜீனியாவின் நெல்லிஸ்ஃபோர்டில் மரியா டோம்ஸ் என்ற கறுப்பின மூதாட்டியைச் சந்தித்தார். வயது 85. அடிமையாய்ப் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலையானவர். மரக்கட்டைக் குடிசை வாசலில் உட்கார்ந்து சுங்கான் புகைத்துக்கொண்டிருந்தார். அவர் பாடியது பார்பரா ஆலன். ஷார்ப் உருகிவிட்டார். குரலின் சுத்தத்தை, சுருதி பிசகாமையை வியந்து குறித்து வைத்தார். மெட்டையும் எழுதிக்கொண்டார். தொகுப்பில் அது அச்சானது, பாடியவர் பெயருடன்: 'ஆன்ட் மரியா டோம்ஸ்'.

அந்த 'ஆன்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். அத்தை, சித்தி என்று நாம் உறவாக எடுத்துக்கொண்டு மகிழலாம். தென்மாநிலங்களில் அதன் வேலை வேறு. கறுப்பினப் பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் வெள்ளையர் 'மிஸஸ்' போட்டு அழைக்கமாட்டார்கள். சின்ன வயதில் வெறும் பெயர், கிழவியானால் 'ஆன்ட்'. மலைநாட்டு வெள்ளைக் கிழவிகளையும் அப்படி அழைப்பது உண்டுதான். ஆனால் அவர்களுக்கு வேண்டியபோது 'மிஸஸ்' கிடைக்கும். மரியா டோம்ஸுக்குக் கிடைக்காது. தன்னைச் சபையில் பெயர் சொல்லாமல் விட்டான் என்று கேட்கிற பெண்ணின் பாட்டு அது. அதைப் பாடியவர் தன் முழு மரியாதைப் பெயரால் ஒருநாளும் அழைக்கப்படாத ஒருவர். எதிரே உட்கார்ந்து நெகிழ்ந்தவர் அந்த வழக்கத்தை மாற்றாமல் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனார். ஷார்ப் பொய்யாக நெகிழ்ந்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நெகிழ்ச்சி முழுக்க உண்மை. அதனால்தான் இது பிரச்சினையாகிறது.

மரியா டோம்ஸ் பாடி 45 ஆண்டுக்குப்பின், 1963இல், அலபாமா நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பின உரிமைப் போராளியை அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று கூப்பிட்டார். மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். 1964இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அந்த வழக்கைப் பற்றி யாரும் கதைப்பாடல் கட்டி உருகியதாக எனக்குத் தெரியாது. ஆனால் இளிவு தீர்ந்தது அங்கேதான், கொஞ்சமாவது. நம் ஊரில் பேரன் வயதுப் பையன் நம் தாத்தாவை 'ஏலே' போட்டு அழைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பாட்டுக் கேட்டு நெகிழ்வதில் ஏதோ கோளாறு உண்டு என்று பழைய ஆட்களே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். புனித அகஸ்தீன் தன் 'அறிக்கைகள்' நூலின் 10ஆம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் நெகிழ்த்தினால் அது தன் பாவம் என்கிறார். குரல்மீது பழி போடுகிறார். எனக்கு அது உடன்பாடில்லை. குரல் இனிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ரூசோ இன்னும் கிட்டே வருகிறார். 1758இல் நாடக அரங்கை எதிர்த்து எழுதிய கடிதத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: கற்பனைத் துயரத்துக்குக் கண்ணீர் விட்டதும் மனிதக் கடமை முழுவதையும் முடித்துவிட்டதாக நமக்குள் ஒரு திருப்தி வருகிறது, நிஜத் துயரக்காரன் வந்து நின்றால் அவன் நம்மிடம் உழைப்பும் உதவியும் கேட்பான், அது செலவு. ஃபெரே என்ற ஊரின் கொடுங்கோலன் அலெக்சாண்டரைப் பற்றி புளூட்டார்க் சொன்ன கதையை அவர் எடுத்துக்காட்டுகிறார். நாளும் ஆட்களைக் கொன்றவன், மேடையில் டிராய் நகரத்துப் பெண்களின் துயரத்துக்கு அழுவதை ஜனங்கள் பார்த்துவிடுவார்களோ என்று நாடகத்துக்கு அஞ்சினானாம். நம் ஊரிலும் அப்படி உண்டு. சேரிக்குத் தண்ணீர்க் குழாய் வரவிடாமல் தடுத்துவிட்டு சினிமாக் கொட்டகையில் மூக்கு சிந்துகிற பெரிய மனுசன்களை நமக்குத் தெரியும்.

ஆனால் ரூசோவோடு முழுக்கப் போய்விடவும் முடியாது. கண்ணீருக்குப் பலனே இல்லை என்றால் ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களை எங்கே வைப்பது? அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக நாஷ்வில்லில் 1866இல் தொடங்கிய ஃபிஸ்க் கல்லூரி கடனில் மூழ்கியபோது, 1871இல் மாணவர்கள் சிலர் தங்கள் அடிமைக்காலப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். 1873இல் விக்டோரியா ராணி முன்னால் பாடினார்கள். கேட்டவர்கள் அழுதார்கள், காசும் கொடுத்தார்கள். அந்தக் காசில் ஜூபிலி ஹால் என்ற கட்டடம் எழுந்து 1876இல் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. கண்ணீர் செங்கல்லாகியிருக்கிறது, மறுக்கவில்லை. அதே பயணத்தில், அமெரிக்க ஊர்களில், பாட்டுக் கேட்டு அழுத ஊரிலேயே தங்க அறை கிடைக்காமல் அவர்கள் அலைந்ததும் நடந்தது. இழவுக்குக் காசு கிடைத்தது. இளிவு விடுதி வாசலில் அப்படியே நின்றது. 1845இலேயே ஃபிரெடெரிக் டக்ளஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் சந்தோஷமாக இருப்பதாக நினைக்கிற வடநாட்டு வெள்ளையரைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அதிலிருந்து அழுகைவரை வந்தது ஒரு முன்னேற்றம்தான். அறைச் சாவி வரை வரவில்லை.

தோழர்கள் சிலர் இந்த விஷயத்தைத் திருட்டு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எங்கள் பாட்டை எடுத்துப் போய்க் காசாக்கினான் என்று. அதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. கென்டக்கியில் பிறந்த ஜான் ஜேக்கப் நைல்ஸ் (1892–1980), இவரும் வளர்ந்த ஆண், இவரும் உச்சக்குரல்காரர். 1933இல் வட கரோலினாவின் மர்ஃபி என்ற ஊரில், போலீசார் ஊரைவிட்டு விரட்டிக்கொண்டிருந்த மதப்பிரசங்கக் குடும்பத்தின் பெண் ஆனி மார்கன் பாடிய துண்டு வரிகளை, தடவைக்கு 25 சென்ட் கொடுத்துத் திரும்பத் திரும்பப் பாடவைத்து எழுதிக்கொண்டார். அதை வளர்த்துத் தன் பாட்டாக்கிப் பதிப்புரிமையும் வைத்துக்கொண்டார். தன் தகப்பனாரின் நிலத்தில் வாய்க்கால் வெட்டிய கறுப்பினத் தொழிலாளி முனகிய ஒற்றை வரியிலிருந்து இன்னொரு புகழ்பெற்ற பாட்டைச் செய்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். காசுக் கணக்கு கேட்கப்பட வேண்டியதுதான், கேட்போம். ஆனால் கணக்கு முழுதாகத் தீர்ந்தாலும் நான் பேசுகிற விஷயம் தீராது. ராயல்டி கொடுத்துவிட்டும் ஒருவன் குடிக்கடைக் கண்ணியை வெட்டலாம்.

நம் கதைப்பாடல்களுக்கும் இதே கதிதான். நா. வானமாமலை பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'முத்துப்பட்டன் கதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள்மேல் ஆசைப்பட்ட பார்ப்பான் முத்துப்பட்டன், பெண் கேட்டுப் போகிறான். தகப்பன் வாலப்பகடை சும்மா தரவில்லை. குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைத்துக் காட்டு என்கிறான். தமிழ்க் கதைப்பாடல்களில் இதுபோல் இளிவுக்கு நேருக்கு நேர் பதில் சொன்ன இடம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் வில்லுப்பாட்டில் சபை அழுவது பட்டன் வெட்டுப்பட்டுச் சாகும்போது, பெண்கள் தீயில் இறங்கும்போது. இதற்குமேல், அந்தப் பெண்கள் சக்கிலிச்சிகளே அல்ல, காட்டில் கிடந்த பார்ப்பனக் குழந்தைகள் என்று ஒரு ஒட்டும் ஏறிக்கொண்டது. அழுகிறவனுக்கு இப்போது சங்கடம் ஒன்றுமில்லை. இங்கிலாந்துத் தெருத்தாள் அச்சடித்தவன் செய்ததும் இதே வேலைதான்.

1932 நவம்பரில் அம்பேத்கர், காந்தியின் முன்முயற்சியில் அமைந்த தீண்டாமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வருகிறது. பிற்பாடு ஹரிஜன சேவக் சங்கமான அமைப்பு அது. குடிக்காதே, குளி, படி என்று தீண்டப்படாதவரைச் சீர்திருத்துவதில் பணத்தைக் கரைக்காதீர்கள். கிணறு, பள்ளிக்கூடம், ஊர்ச்சாவடி, வண்டி இவற்றில் சம உரிமையை நிலைநாட்டப் போராடுங்கள், சண்டை வந்தால் வரட்டும் என்பது அதன் சாரம். இரக்கப்பட்டு வந்தவர்களிடம் அவர் இளிவைப் பேசினார். சங்கம் போன வழி நமக்குத் தெரியும்.

டெல்லர் குரலுக்குத் திரும்புவோம். இவ்வளவு சொன்னபின், இந்தப் பாட்டை அவர் பாடியிருக்கவே கூடாது, கிராமத்துக் கிழவிதான் பாட வேண்டும் என்று நான் சொல்லப்போவதாக யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். டெல்லரிடம் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அவர் கிராமத்தானாக நடிப்பதில்லை. மண்வாசனைக்காக உச்சரிப்பைக் கொச்சையாக்கிக்கொள்வதில்லை. நம் மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுக்கென்று சரிகைக் கரை வேட்டியும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு வந்து 'ஏலேலோ' என்று கத்துகிறவர்களைப் பார்த்து நொந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நாணயம் என்று புரியும்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண ஆண்குரல் இந்தப் பாட்டைப் பாடும்போது, சாகிற பையனின் பேச்சு சொந்தப் பேச்சாகவும் பார்பராவின் பேச்சு அடுத்த ஆளின் பேச்சாகவும் வந்துவிடுகிறது. பெண்குரல் பாடினால் நேரெதிர். இந்தக் குரல் இரண்டு பேரில் யாருடையதும் இல்லை. ஒரே மெட்டு, கண்ணிக்குக் கண்ணி மாறாத மெட்டு. அதே குரலில் அவனும் பேசுகிறான், அவளும் பேசுகிறாள். காது எந்தப் பக்கமும் சாய முடியாமல் நிற்கிறது. ஆரம்பத்தில் கேட்பவனுக்கு வந்த அந்தத் தடுமாற்றம், ஆணா பெண்ணா என்ற தடுமாற்றம், இப்போது வேறு வேலைக்கு ஆகலாம். அவள் கேட்கிற கேள்வி, அவன் சாவு எவ்வளவு எடையோ அவ்வளவு எடையோடு காதில் விழ இதைவிடத் தோதான குரல் இல்லை. அப்படிப்பட்ட குரல் வாய்த்தவர் எந்தப் பாடத்தைக் கையில் எடுக்கிறார் என்பதுதான் பாக்கி. மூச்சுப் பயிற்சியைவிடப் பெரிய முடிவு அது. கேட்கிறவன் முடிவும் அங்கேதான் இருக்கிறது. அழுது முடித்தபின், அவள் ஏன் மெள்ள வந்தாள் என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிறானா, கேட்காமல் அடுத்த பாட்டுக்குப் போகிறானா.

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் இந்தக் கதையைத் தமிழில் கட்டிப்பார்க்கும் முயற்சி நடக்கிறது. குடிக்கடைக் கண்ணி இருந்தால் உருக்கம் கெடுகிறது, ரோஜாக் கண்ணியோடு முடித்தால் கூட்டம் கலங்கும் என்று ஒரு தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை, நிச்சயம் கலங்கும். ராம்சே அச்சிட்ட ஸ்காட்லாந்துப் பாடத்தை அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கல்லறை இல்லை, ரோஜா இல்லை, முட்செடி இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பெண், தன் படுக்கையை விரித்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்வதோடு பாட்டு நின்றுவிடுகிறது.